மண் வரைபடத்தின் வயது

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தின் 'அ' பதிவேட்டை எடுத்தாலும் 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கட்டம் இருக்கும். அதில் 8-3, 7-2 என்பதுபோல இரண்டு எண்கள். பக்கத்தில் தரம், அதற்கடுத்து தீர்வை. இந்தப் பதிவேட்டின் நகலை இப்போது சர்வே எண்ணைக் கொடுத்து இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் பெயரையும் பரப்பையும் சரிபார்ப்பார்கள். இந்த இரண்டு எண்களை யாரும் கவனிப்பதில்லை. மண் ஆய்வு வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் என் கண் முதலில் போவது அங்கேதான். திரையில் புத்தம் புதிதாகத் தெரியும் அந்த எண்கள், உழவரிடமிருந்தே அரசு நேரடியாகத் தீர்வை வாங்கிய பழைய ரயத்துவாரி கிராமமாக இருந்தால், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை.

சென்னை மாகாணத்தில் நிலவரித் திட்ட வேலைக்கென்று 1850களின் பிற்பாதியில் தனித் துறை ஏற்பட்டது. புலங்களை அளந்து முடித்த பிறகு மண்ணைப் பார்த்துத் தரம் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். கரிசல், செம்மண், மணல்சாரி என்று பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் களி தூக்கலா, மணல் தூக்கலா என்று உட்பிரிவு. அதற்குள் மேலானது முதல் மட்டமானது வரை ரகம். நன்செய்யாக இருந்தால் தண்ணீர் ஆற்று வாய்க்காலிலிருந்து வருகிறதா, மழையை நம்பிய ஏரியிலிருந்து வருகிறதா என்பதும் சேர்ந்தே தரம் அமைந்தது. அத்தனையும் ஒரு கேள்விக்காகத்தான்: இந்த நிலத்துக்கு எவ்வளவு தீர்வை போடலாம்? வேர் எவ்வளவு ஆழம் இறங்கும், மழைநீரை எத்தனை நாள் பிடித்து வைக்கும், உப்பு ஏறுமா என்பதற்கெல்லாம் அந்த இரண்டு எண்களில் தனி இடம் கிடையாது. தீர்வைக்காகச் செய்த வேலையாகப் பார்த்தால் அது அபாரமான வேலை. ஒரு மாகாணத்தின் நிலங்களைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மண் வளத்தைச் சொல்லும் ஆவணமாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஜமீன் கிராமங்களின் கதை வேறு. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அவை ரயத்துவாரிக்குள் வந்து நிலவரித் திட்டம் கண்டன. ஒரே ஓடையின் இரு கரையில் ஒரே மண்ணோடு இருக்கும் இரண்டு கிராமங்களில் ஒன்றை விக்டோரியா மகாராணி காலத்து ஊழியரும் மற்றதைச் சுதந்திர இந்தியாவின் ஊழியரும் தரம் பிரித்திருக்கலாம். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மண் மாறுகிறது என்று பொருளில்லை. காலம் மாறியிருக்கிறது, ஆளும் மாறியிருக்கிறார். 1980களில் யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் வந்து பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. யூ.டி.ஆரில் பெயர் தவறு, பரப்பு தவறு என்று இன்றுவரை தாலுகா அலுவலகங்களுக்கு மனுக்கள் வருகின்றன. மண் கட்டத்தைத் திருத்தக் கோரி ஒரு மனுவையும் நான் கண்டதில்லை.

மண்ணை மண்ணுக்காகவே பார்க்கும் வேலை பிறகுதான் வந்தது. இந்திய அரசின் விவசாய ரசாயன அறிஞராக இருந்த லெதர் 1898ல் இந்திய மண்ணை நான்கு பெரும் வகையாகப் பிரித்தார்: கங்கைச் சமவெளியின் வண்டல், கரிசல், செம்மண், செம்பூரான். பள்ளிக்கூடப் புத்தகங்களில் நாம் வண்ணம் தீட்டிய இந்திய மண் படத்துக்கு மூலம் அதுதான். 1956ல் அகில இந்திய மண் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மாநிலங்களும் தங்கள் ஆய்வுப் பிரிவுகளை அமைத்தன. நம் மாநிலத்தில் அதற்குக் கோயம்புத்தூர் மையமானது. ஒரு வகை மண்ணை முதலில் முறையாக விவரித்த ஊரின் பெயரையே அந்த மண்ணுக்கு வைப்பது உலக வழக்கம். அப்படித்தான் இருகூர், பீளமேடு, பல்லடம், சோமையனூர் என்ற மண் தொடர்கள் கொங்கு நாட்டிலும், மதுக்கூர், களத்தூர் தொடர்கள் தஞ்சைப் பக்கத்திலும் பிறந்தன.

மண் குழி வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆள் இறங்கி நிற்குமளவு நீளமும் அகலமும் வைத்து, ஒன்றரை மீட்டர் ஆழம் அல்லது பாறை தட்டும் வரை வெட்டுவோம். வெயில் விழும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் சீவி, பழைய முகம் போய்ப் புது முகம் தெரியச் செய்வோம். மேலிருந்து கீழே நிறம் எங்கே மாறுகிறது, கத்தி எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து அடுக்குகளைப் பிரித்துக் கோடு போடுவோம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டி எடுத்து மன்செல் வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிட வேண்டும். நீர்த்த அமிலத்தை இரண்டு சொட்டு விட்டால் சுண்ணாம்பு இருக்கும் இடம் பொங்கும். பிறகு கொஞ்சம் மண்ணை நனைத்துப் பிசைந்து கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுவோம். நாடா எவ்வளவு நீளம் போய் ஒடிகிறதோ அவ்வளவு களி. பழகிய கை ஆய்வகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வேர் எந்த ஆழத்தில் நின்றது, மண்புழு வளை உண்டா, சுக்கான்கல் எங்கே தொடங்குகிறது எல்லாமே குறிப்பேட்டில் ஏறும். கடைசியில் இடம்: எந்த ஊருக்கு எந்தத் திசையில் எத்தனை பர்லாங், எந்தக் கிணற்றிலிருந்து எத்தனை தப்படி.

ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே இருப்பதை ஆகர் என்னும் துளைக்கருவியால் துளைத்தும், நிலத்தின் சரிவைப் பார்த்தும், உழவரைக் கேட்டும் நிரப்புவோம். கொங்கு நாட்டில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேட்டில் செவல், ஆழம் குறைவு. இறக்கத்தில் சுக்கான் கலந்த மண். பள்ளத்தில் கரிசல். பல்லடம் பக்கம் ஒரு பெரியவர் காலால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார்: "வேலிக்கு இக்கட்டால செவலுங்க. அக்கட்டால போனா கரிசலுங்க. மழ பேஞ்சா ரெண்டு நாளைக்கு ஏரு எறக்க முடியாதுங்க." அவருக்குத் தெரிந்த அந்த எல்லை உண்மையில் வேலியில் நிற்பதில்லை, பத்திருபது மீட்டருக்குள் மெல்ல நிறம் கறுத்து, களி ஏறி மாறுகிறது. படத்தில் அதை மெல்ல மாற்றிக் காட்ட வழியில்லை. ஒரு கோடு போட்டாக வேண்டும். மண் வரைபடத்தின் முதல் சமரசம் அந்தக் கோடு. போட்டவருக்கு அது சமரசம் என்று தெரியும்.

இரண்டாவது சமரசம் இன்னும் பெரியது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் 1976ல் அமைந்தது. அது 1980களின் நடுவில் தொடங்கி மாநிலம் மாநிலமாக 1:2,50,000 அளவில் படம் தயாரித்தது. அந்த அளவில் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 625 ஹெக்டேர், அதாவது 1,500 ஏக்கருக்கு மேல். கொங்கு நாட்டில் 1,500 ஏக்கருக்குள் மேடும் பள்ளமும் எத்தனை முறை மாறி மாறி வரும்! அதனால் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று மண் வகைகளைச் சேர்த்து, எது அதிகம், எது குறைவு என்று விளக்கக் குறிப்பில் எழுதினார்கள். படத்தையும் குறிப்பையும் சேர்த்துப் படிப்பவருக்கு அது நேர்மையான ஆவணம்.

1990களில் இந்தப் படங்கள் கணினிக்குள் போயின. டிஜிட்டைசர் மேசையில் படத்தை ஒட்டி, கோட்டின் மேல் கருவியை நகர்த்தி நகர்த்திப் புள்ளிகளாக ஏற்றினார்கள். மூலத் தாளுக்குப் பதிலாகப் பல இடங்களில் அமோனியா பிரிண்ட்தான் கைக்குக் கிடைத்தது. தாள் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். ஒரு தாளின் கோடு அடுத்த தாளின் கோட்டோடு ஓரத்தில் சேராது. சேர்த்து வைத்தால் நடுவே மயிரிழை போன்ற கீற்றுகள் எந்த மண்ணுக்கும் சேராமல் நிற்கும். இவையெல்லாம் பார்த்தால் தெரியும் பிழைகள், திருத்திவிடலாம். தெரியாத பிழை வேறு இடத்தில் நடந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம், ஒரு பெயர் என்று கேட்டது கணினிப் படம். அதிகமாக இருந்த மண்ணின் பெயரைக் கொடுத்தார்கள். இரண்டாவது, மூன்றாவது மண் அட்டவணையின் பின் நிரல்களுக்குப் போயின. பல நகல்களில் அந்த நிரல்களே இல்லை.

இதன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நீர்வடிப்பகுதித் திட்டத்தில் கசிவுநீர்க் குட்டைகளுக்கு இடம் தேர்ந்தார்கள். கணினிப் படத்தில் அந்தப் பகுதி முழுவதும் செம்மண், தண்ணீர் நன்றாக இறங்கும் என்று இருந்தது. செம்மண்தான் அங்கே அதிகம்; படம் பொய் சொல்லவில்லை. ஆனால் குட்டையை யாரும் மேட்டில் வெட்ட மாட்டார்கள். தண்ணீர் வந்து சேரும் தாழ்வான இடத்தில்தான் வெட்டுவார்கள். தாழ்வான இடத்தில்தான் கரிசல் இருக்கிறது, அட்டவணையின் பின் நிரலில் போய் ஒளிந்துகொண்ட அந்தக் கரிசல். குட்டை நிறைந்தது; தண்ணீர் கீழே இறங்காமல் வெயிலில் வற்றியது; சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஒரு மாற்றமும் இல்லை. நூற்றுக்கு அறுபது பங்கு சரியான படம் என்றால் நூறு குட்டையில் அறுபது பலன் தரும் என்று நினைக்கிறோம். அப்படி நடக்காது. குட்டைக்கு ஏற்ற இடமும் சிறுபான்மை மண் படுத்திருக்கும் இடமும் ஒன்றாகவே இருப்பதால், தவறு முழுக்க முழுக்கக் குட்டையின் தலையிலேயே விழுகிறது. சராசரித் துல்லியம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும் என்பவர்களிடம் நான் விடாமல் சொல்லிவருவது இதுதான்.

இடம் குறிப்பதிலும் பழைய வரலாறு உட்கார்ந்திருக்கிறது. 1802ல் லாம்டன் என்ற அளவையாளர் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழி வந்தவை, மண் படங்களுக்கு அடித்தளமான இந்திய டோபோ ஷீட்டுகள் என்னும் நிலப்படங்கள். அவை எவரெஸ்ட் என்பவர் 1830ல் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். வேறொரு பூமி வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டிலும் குறித்தால் தென்னிந்தியாவில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுப் படங்கள் ஜி.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போகின்றன. அதற்கு முந்தைய மண் படங்கள் எந்த அடிப்படையில் வரையப்பட்டவை என்ற குறிப்பு இல்லாமல் கைமாறினால், வாய்க்காலின் இந்தக் கரை மண் அந்தக் கரைக்குப் போய்விடும்.

தட்டச்சுப் பிழைகளும் சாதாரணமானவை இல்லை. 11 பாகை 30 கலை என்பதை 11.30 என்று ஏற்றிவிடுவார்கள். தசமத்தில் அது 11.50 ஆக வேண்டும். இந்த ஒரு புள்ளியில் மண் குழி 22 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடுகிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் கோயம்புத்தூர் மண் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் கிடக்கும். கடலில் கிடப்பதை மென்பொருள் கண்டுபிடித்துவிடும். 22 கிலோமீட்டர் நகர்ந்து இன்னொரு வயலில் கிடப்பதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

ஆய்வக எண்களுக்கு வருகிறேன். மணலுக்கும் நுண்வண்டலுக்கும் எல்லை எது? சர்வதேச முறையில் 0.02 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் 0.05 மில்லிமீட்டர். நம் ஆய்வகங்கள் நெடுங்காலம் முதல் முறையில் பிரித்தன. மண் வகைப்பாட்டுக்கு அமெரிக்க முறை வந்த பிறகு இரண்டாவதும் புழங்கியது. 0.03 மில்லிமீட்டர் துகள் ஓர் அறிக்கையில் மணல், இன்னொன்றில் நுண்வண்டல். களி அளவு இரண்டிலும் ஒன்றே என்பதால் அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அங்ககக் கரிமம் இன்னொரு குழப்பம். 1934ல் வாக்லியும் பிளாக்கும் கொடுத்த முறைதான் இன்றும் நம் மண் பரிசோதனைக் கூடங்களின் அன்றாட முறை. அதில் கரிமம் முழுவதும் எரியாது என்பதால் 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். சிலர் பெருக்கியிருப்பார்கள், சிலர் பெருக்கியிருக்க மாட்டார்கள். இன்னும் சிலர் 1.724 ஆல் பெருக்கி அங்ககப் பொருளாக எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒரே நிரலில் வந்து உட்கார்ந்தால், ஒரு மாவட்டத்தில் மண் வளம் கூடியதாகவும் பக்கத்து மாவட்டத்தில் குறைந்ததாகவும் படம் சொல்லும். மாறியது பெருக்கிய எண் மட்டுமே.

உலகப் படங்களிலும் இதே கதைதான். 1960ல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் கூடிய மண்ணியல் மாநாட்டின் பரிந்துரையால் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் யுனெஸ்கோவும் உலக மண் படத்தைத் தொடங்கின. 1:50,00,000 அளவு, தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஐந்து கிலோமீட்டர். 1970களில் ஒவ்வொரு தாளாக வெளிவந்தது. 2008ல் அதையும் ஐரோப்பா, சீனா முதலிய பகுதிகளின் விரிவான படங்களையும் ஒட்டி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக ஒருங்கிணைந்த உலக மண் தரவுத்தளம் வந்தது. சீனப் பகுதி 1:10,00,000 படத்திலிருந்து எடுத்தது; நம் பகுதி அந்தப் பழைய உலகப் படத்திலிருந்து எடுத்தது. ஆகவே இமயத்தின் வடக்கே நெருங்கிய வரைவும் தெற்கே பெரிய திட்டுகளுமாகத் தெரியும், அரசியல் எல்லையிலேயே மண்ணும் பிரிந்ததுபோல. தயாரித்தவர்கள் இதை மறைக்கவில்லை. பழைய உலகப் படத்தை நம்பியிருக்கும் தெற்காசியா போன்ற பகுதிகளில் நம்பகத்தன்மை குறைவு என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பொறியியல் மாணவர்கள் ஒரு சிற்றாற்றின் வெள்ளத்தைக் கணக்கிட அதே தரவை இறக்கிக்கொள்ளும்போது அந்த ஆவணத்தைத் திறப்பதில்லை. ஐந்து கிலோமீட்டரை ஒரு மில்லிமீட்டராக்கி வரைந்த படத்தை ஒரு கிலோமீட்டர் கட்டமாக நறுக்கினால் கட்டம்தான் சிறியதாகும், அறிவு கூடாது.

மண்ணும் காத்திருப்பதில்லை. ஏரி வண்டலைத் தலைமுறை தலைமுறையாக அடித்த செவல் காடுகள் பக்கத்துச் செவலிலிருந்து விலகிவிட்டன. மேட்டூர் அணை வந்த 1934க்குப் பிறகு கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் வயலான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண் இன்று பழைய புன்செய் மண் இல்லை. பீளமேட்டின் பெயர் ஒரு கரிசலுக்கு உண்டு. அந்தப் பீளமேட்டில் இப்போது கல்லூரிகளும் விமான நிலையமும் அடுக்குமாடிகளும்தான் தெரிகின்றன. எனக்கு மிகவும் வலிப்பது சோமையனூர். கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் அது. ஆழமான நல்ல செம்மண் தொடருக்கு அதன் பெயரை வைத்தார்கள். அதே பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைப் பனைமர உயரத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டார்கள். 2021ல் சூளைகள் மூடப்பட்டன. பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. பழைய ஆய்வை நம்பிய படத்தில் அங்கே இன்னும் ஆழமான செம்மண் இருக்கிறது.

இப்போது இயந்திரக் கற்றல் முறையில் செயற்கைக்கோள் படம், மழை, சரிவு எல்லாவற்றையும் கொடுத்து 250 மீட்டர் கட்டத்துக்கு உலகம் முழுவதும் மண் பண்புகளைக் கணித்துத் தருகிறார்கள். திறமையான வேலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணிப்புக்குப் பாடம் சொல்லித் தருபவை வெட்டிப் பார்த்த குழிகள். பொதுவெளியில் கிடைக்கும் இந்தியக் குழிகள் நாட்டின் பரப்புக்கு மிக மிகக் குறைவு. நம் வயலைப் பற்றி இயந்திரம் சொல்வதில் பெரும்பங்கு வேறெங்கோ வெட்டிய குழியிலிருந்து கற்றது.

குழிகள் இல்லாமலில்லை. எழுபது ஆண்டுகளாக வெட்டியிருக்கிறோம். அந்தக் குறிப்பேடுகள் மாவட்டம் மாவட்டமாக இரும்பு அலமாரிகளில் இருக்கின்றன. அலுவலகம் இடம் மாறும்போதெல்லாம் சில காணாமல் போகின்றன. மீதியைக் கரையான் பார்த்துக்கொள்கிறது. மன்செல் நிறம், நாடாவின் நீளம், கிணற்றிலிருந்து எத்தனை தப்படி என்பதெல்லாம் அவற்றில்தான் உண்டு. கணினிக்குள் போன அட்டவணையில் கிடையாது. அவற்றை எழுதியவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். எந்தக் கிணறு, எந்த மரம் என்று அவர்களால் இன்னும் சொல்ல முடியும்.

ஆகவே புதிய படத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள் என்று வேளாண் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறேன். குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். வெட்டிய ஆண்டு, இடம் குறித்த முறை, ஆய்வகம் பின்பற்றிய முறை மூன்றும் ஒவ்வொரு குழியோடும் பிரியாமல் போகட்டும். சிறுபான்மை மண்ணின் நிரலை வெட்டாதீர்கள். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். இன்னும் பத்து ஆண்டு தள்ளிப் போட்டால் கேட்க ஆள் இருக்காது.